தஞ்சாவூரா, பொப்பிலியா? வீணை வாங்கும் முன்

கவரைப்பேட்டையிலிருந்து வீணை வாங்கக் கிளம்புகிறவருக்கு ரயில் இரண்டு திசையிலும் ஓடுகிறது. தெற்கே சென்னை போய் அங்கிருந்து தஞ்சாவூர், ஏறக்குறைய 400 கி.மீ. வடக்கே கூடூர், விஜயவாடா, விஜயநகரம் தாண்டிப் பொப்பிலி, 800 கி.மீ.க்கு மேல். சத்தியவேடு சாலையில் கொஞ்ச தூரம் போனாலே ஆந்திரம் வந்துவிடும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடுகளில் பிள்ளைக்கு வீணை என்று பேச்செடுத்தால் இரண்டு ஊர்களின் பெயரும் வருவது இயல்பு. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. தஞ்சாவூர் வீணைக்கு அது 2013இல் கிடைத்தது. இரண்டுக்கும் மரம் பலாதான். அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கடையில் முதலில் கண்ணில் படுவது யாளி முகம். அடுத்து, குடத்தின் மேலுள்ள பூவேலை. ஒரு காலத்தில் தந்தத்தில் செய்த அந்த வேலையை இப்போது பிளாஸ்டிக் தகட்டில் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், விலையையும் ஏற்றும், ஒலிக்கு எதுவும் செய்யாது. இடப்பக்கம் தொங்கும் சுரைக்காயும் அப்படித்தான். வீணையைத் தொடையில் நிறுத்திப் பிடிக்க அது வேண்டும். காகிதக் கூழில் செய்ததாக இருந்தாலும் குறையில்லை. வீணையின் நாதம் வேறு மூன்று இடங்களில் பிறக்கிறது: மரம், குதிரை, மெழுகு.

மரத்தை முதலில் பார்ப்போம். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை விரும்பி வாங்குகிறார்கள். குடம், தண்டி, தலைப்பகுதி எல்லாவற்றையும் ஒரே அடிமரத்தில் குடைந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. நான்கடி நீளத்துக்கு வெடிப்போ கணுவோ இல்லாத கட்டை கிடைப்பது அரிது. குடைந்தெடுக்கும்போது பெரும்பகுதி சிராயாகப் போய்விடுகிறது. ஏகாந்த வீணை விலை கூடுவது இதனால்தான். பொப்பிலி வீணையின் பெருமையும் இந்த ஒற்றை மரத்தில்தான் இருக்கிறது. பொப்பிலிக்கு அருகிலுள்ள கொல்லப்பள்ளியில் சர்வசித்தி என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் தலைமுறைகளாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறார்கள்.

ஒற்றை மரம் என்றதும் மயங்கிவிடக் கூடாது. நன்றாக உலர்ந்த மரத்தில் செய்த ஒட்டு வீணை, ஈரம் வற்றாத ஏகாந்த வீணையைவிடப் பல மடங்கு மேல் என்பது என் உறுதியான எண்ணம். தந்திகள் இரவும் பகலும் தண்டியை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஈர மரம் அந்த இழுப்புக்கு மெல்ல வளைகிறது. அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறி, அழுத்தும் விரலுக்கு வலி கூடுகிறது, சுருதி விலகுகிறது. பழவேற்காட்டுக் காற்றின் ஈரம் எட்டும் நம் வட்டாரத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். மரம் எப்போது அறுத்தது, எத்தனை நாள் உலர்ந்தது என்று கேளுங்கள். நல்ல கைவினைஞர் இந்தக் கேள்வியால் மகிழ்வார்.

அடுத்தது குதிரை. குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் இந்தச் சிறிய மரத்துண்டின் தலையில் ஓர் உலோகத் தகடு உண்டு. அந்தத் தகடு லேசாக வளைந்திருக்கும். 1921இல் சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதியது இந்த வளைவைப் பற்றித்தான். தந்தியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்கிறது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. தம்புராவும் வீணையும் அதற்குக் கட்டுப்படவில்லை. ஒலிக்கக் கூடாத மேற்சுரங்கள் அவற்றில் பலமாகவே ஒலிக்கின்றன. அதிரும் தந்தி அகன்ற வளைவை உரசி உரசி எழுவதுதான் காரணம் என்று ராமன் விளக்கினார். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தகட்டை அரத்தால் இரண்டு இழுப்பு கூடுதலாகத் தேய்த்தாலும் கார்வை செத்துவிடும். இதற்கு அளவுகோல் கிடையாது. செய்கிறவரின் காதுதான் அளவு.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் கருதுவது மெட்டுகளைத் தாங்கும் மெழுகு. ஹவாய்த் தீவின் யூகலேலேயைப் பார்த்தால் அது ஏன் என்று விளங்கும். 1879இல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கூலிவேலைக்குக் கப்பலேறிப் போனவர்களில் தச்சர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடன் போன சிறிய நான்கு தந்திக் கருவிதான் அங்கே யூகலேலே ஆயிற்று. அவர்களில் ஒருவரான மனுவேல் நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமாக்கா, 1916இல் ஹொனலூலுவில் தொடங்கிய பட்டறை இன்றும் அவர் குடும்பத்திடம் இருக்கிறது. நம் வேல மரத்தின் தூரத்து உறவான கோவா மரத்தில்தான் பெயர்பெற்ற யூகலேலேக்கள் பிறக்கின்றன. கமாக்கா நல்லதா, கோஅலோஹா நல்லதா என்று உலகெங்கும் வாசிப்பவர்கள் விவாதிக்கிறார்கள். எந்தப் பட்டறையில் வாங்கினாலும் அதன் மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. கடல்தாண்டி வாங்கி வந்தாலும் செய்தவரைப் பிறகு தேடவேண்டிய தேவை அதிகம் வராது.

வீணையிலோ 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்கின்றன. இந்த அமைப்பைத் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடு, அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு, சேர்த்துச் சொல்வது மரபு. தேன்மெழுகில் கரித்தூளும் குங்கிலியமும் கலந்து காய்ச்சி, தண்டியின் இரு ஓரமும் கரைபோலக் கட்டி, வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தந்தியின் நீளம் 85 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முதல் மெட்டு, தந்தி தொடங்கும் மேருவிலிருந்து ஏறக்குறைய 4.8 செ.மீ. தள்ளி வரும். கடைசி இரண்டு மெட்டுகளுக்கு நடுவே ஒன்றேகால் செ.மீ.தான் இருக்கும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், இருபத்து நான்காவது குதிரையிலிருந்து கால்பங்கில். கணக்கு இவ்வளவு சுலபம்தான். ஆனால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறுவதால், கணக்குப்படி வைத்த மெட்டு காதுக்குப் பொய்யாகிவிடும். ஆகவே மேளம் கட்டுகிறவர் ஒவ்வொரு மெட்டையும் மீட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி கேட்டு உட்காரவைக்கிறார்.

வாசிக்கிறவர் கமகத்துக்காகத் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்கிறார். ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரங்கள் இப்படிப் பிறக்கின்றன. வீணை தனம்மாளின் நிதானமான வாசிப்பும் ஈமனி சங்கர சாஸ்திரி, அவர் சீடர் சிட்டிபாபு ஆகியோரின் ஆந்திர பாணியும் வேறுவேறு உலகங்கள் என்றாலும் இரண்டுக்கும் ஆதாரம் இந்த இழுப்புதான். நாள்தோறும் இழுபட்டு மெட்டு தேயும், மெழுகு தளரும். சித்திரை வெயிலில் மூடிய காரில் விட்டுவைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்துவிடும். அப்போது மறுபடி மேளம் கட்டியாகவேண்டும். வீணை வைத்திருக்கும் எல்லார் வீட்டுக்கும் இந்த நாள் வந்தே தீரும்.

அதனால்தான் வீணையோடு சேர்த்து அதைச் செய்தவரையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். பொப்பிலி வீணையின் ஒற்றை மர நாதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மேளம் தளர்ந்ததும் 800 கி.மீ. எடுத்துப் போக முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர் ஓர் இரவுப் பயணம். சென்னையிலும் மேளம் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கவரைப்பேட்டையில் இருக்கும் ஒரு மாணவருக்கு நான் தஞ்சாவூரையே சொல்வேன். மெய்யான பொப்பிலி வீணை ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தாலோ, விஜயநகரம் பக்கம் உறவு இருந்தாலோ என் பதில் மாறும்.

வாங்கப் போகும்போது வீணை ஆசிரியரைக் கூட்டிப்போங்கள். முதன்மைத் தந்தியான சாரணியைத் திறந்து மீட்டி, பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஷட்ஜம் சுத்தமாகச் சேர்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பிறகு 24 மெட்டுகளிலும் ஒவ்வொன்றாக. கார்வை எங்காவது சட்டென்று அறுந்தாலோ, தந்தி அடுத்த மெட்டில் இடித்துக் கரகரத்தாலோ, அங்கேயே செய்தவரிடம் காட்டுங்கள். தந்தியை முறுக்கும் பிருடைகள் வழுக்காமல் நிற்கின்றனவா, நுண்சுருதி சேர்க்கும் லங்கரை நகர்த்தினால் சுருதி நுணுக்கமாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். தந்தி கட்டிய வீணையைப் பட்டறையிலேயே சில நாள் விட்டுவிட்டு மறுபடி போய்க் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. புது மெழுகு அதற்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். முதல்முறை மேளம் தளரும்போது யார் கட்டித் தருவார், என்ன கூலி என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசி, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.