மழை வருமுன் பத்திரத்தைப் படம் பிடியுங்கள்

வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது முதலில் எதைத் தூக்குவோம்? குழந்தையை, ஆட்டுக்குட்டியை, அரிசிச் சாக்கை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தகரப்பெட்டி அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வருவதில்லை. நிலப் பத்திரமும் பட்டாவும் கடன் ரசீதும் இருப்பதோ அந்தப் பெட்டிக்குள்தான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 2021 நவம்பர் மழையில் வயல்களும் ஊர்களும் வெள்ளத்தில் மூழ்கின. சாய்ந்த வாழையையும் ரப்பரையும் எண்ணிக் கணக்கெடுக்கலாம். ஓடு பறந்த வீட்டில் நனைந்து ஒட்டிப்போன காகிதத்துக்குக் கணக்கெடுப்பு கிடையாது. ஆனால் நிவாரணம், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் என்று எதற்குப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. வெள்ளம் வராத ஆண்டிலும் ஈரக்காற்றும் கறையானும் இராமபாணப் பூச்சியும் பெட்டிக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். கையில் உள்ள ஸ்மார்ட்போனைக் கொண்டு ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு குடும்பத்தின் முக்கியமான காகிதங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து முடித்துவிடலாம்.

நாஞ்சில் நாட்டுக் காகிதங்களின் தனிச்சிக்கல்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியின் கீழ் இருந்தவை. அதனால் இங்குள்ள பழைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். தண்டப்பேர் எண், பழைய சர்வே எண், மரக்கால் விதைப்பாடு என்று இன்றைய பட்டாவில் இல்லாத கணக்குகள் அவற்றில் வரும். ஆண்டும் கொல்லம் ஆண்டாக இருக்கும்.

கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுவது எளிது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825 கூட்டுங்கள். 1118 ஆவணி என்பது 1942. 1118 மேடம், அதாவது சித்திரை, என்பது 1943. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் போகங்களுக்கு இன்றும் பெயர் வழங்குகிறதே, அதே மாதக் கணக்குதான் இது.

இதில் அவசரமும் உண்டு. 1956-க்கு முன் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் இன்று எழுபத்தைந்தையும் எண்பதையும் தாண்டியவர்கள். அச்சடித்த மலையாளத்தைக் கைப்பேசியே ஓரளவு படித்துச் சொல்லிவிடும். பழைய கையெழுத்து அதற்குப் பிடிபடாது. ஆகவே பத்திரத்தை ஸ்கேன் செய்யும் நாளிலேயே படிக்கத் தெரிந்த பெரியவரை அருகில் உட்காரவைத்து, நிதானமாக வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, நான்கு எல்லை எது, எந்த ஆண்டு, என்ன எண் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அதையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

படியெடுத்து வைப்பதன் அருமை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை படித்துப் படியெடுத்து வைத்தார். நாஞ்சில் நாட்டின் பழைய நிலம், வரி, வழக்கங்கள் பற்றிப் பல செய்திகள் நமக்குத் தெரிவது அதனால்தான்.

முதலில் எவற்றை எடுப்பது?

கிரயம், பாகப்பிரிவினை, தானம், உயில் ஆகிய பத்திரங்களும் அவற்றின் தாய்ப்பத்திரங்களும் முதலில். அடுத்து பட்டா, தீர்வை ரசீது, இறப்பு மற்றும் வாரிசுச் சான்றுகள். அதன் பிறகு வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கூட்டுறவு சங்கக் கடன் காகிதங்கள், நகையீட்டுச் சீட்டு, காப்பீடு கட்டிய ரசீது, மின் இணைப்பு அட்டை.

உரக்கடை பில்லை மறந்துவிடாதீர்கள். சிறு இயந்திரத்தில் வரும் வழுவழுப்பான ரசீது வெப்பத்தால் அச்சாவது. வெயிலும் சூடும் பட்டால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். விதை முளைக்கவில்லை என்று புகார் செய்யப் போகும்போது கையில் வெள்ளைத்தாள் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுவது நல்லது.

எடுக்கும் முறை

காலை வெளிச்சம் விழும் திண்ணையோ முற்றத்து ஓரமோ போதும். நேர் வெயில் வேண்டாம், பிளாஷும் வேண்டாம். இரண்டும் எழுத்தின் மேல் வெள்ளைப் படலம் போடும். தரையில் அடர்நிறத் துணி விரித்து அதன்மேல் தாளை வையுங்கள். தாளின் நான்கு மூலைகளும் துணியில் இருந்து பிரிந்து தெரிந்தால்தான் செயலி ஓரத்தைச் சரியாக வெட்டும். கைப்பேசியைத் தாளுக்கு நேர்மேலே, சாயாமல் பிடியுங்கள். உங்கள் நிழல் விழாத பக்கம் நில்லுங்கள். லென்ஸை முதலில் வேட்டித் துணியால் துடையுங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் ட்ரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலியில் உள்ளது. தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். முன்பு பலரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் ஒன்று என்பது நினைவிருக்கட்டும்.

ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் எடுங்கள். பலரும் தவறவிடுவது பின்பக்கத்தைத்தான். சார்பதிவாளரின் முத்திரையும் பதிவு விவரமும் பெரும்பாலும் முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் இருக்கும். எட்டுத் தாள் பத்திரம் என்றால் எட்டையும் வரிசை மாறாமல் ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேருங்கள்.

செயலி தானாகவே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வரும். புதிய அச்சுத்தாளுக்கு அது சரி. பழுப்பேறிய பழைய பத்திரத்தில் மங்கிய மையையும் முத்திரையையும் அது தின்றுவிடும். பழைய காகிதங்களை வண்ணத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்ததும் பெரிதாக்கிப் பார்த்து, சர்வே எண்ணையும் ஆவண எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை உடனே மறுபடி எடுத்துவிடுங்கள்.

பெயரும் இருப்பிடமும்

நூறு படங்களுக்கு நடுவே பத்திரத்தைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான். ஆண்டு, வகை, சர்வே எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். "1987 கிரயம் சர்வே 214-3" என்பது போல இருக்கட்டும். கோப்பின் பெயரில் சாய்கோட்டைப் பல கருவிகள் ஏற்காது. அதற்குப் பதில் சிறுகோடு போடுங்கள்.

பிறகு மூன்று இடங்களில் வையுங்கள்: உங்கள் கைப்பேசி, வெளியூரில் இருக்கும் மகன் அல்லது மகளின் கைப்பேசி, இணையச் சேமிப்பு. கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜிபி இடம் இலவசம். அதன் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள்.

படம் எதற்கு உதவும், எதற்கு உதவாது?

ஸ்கேன் செய்த படம் மூலப் பத்திரம் ஆகாது. அதை வைத்து நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆனால் மூலம் தொலைந்த நாளில் வழிகாட்டுவது அந்தப் படம்தான்.

இப்படி எண்ணிப் பாருங்கள். தகப்பனார் பெயரில் 40 சென்ட் நஞ்சை. பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த ஆண்டு, என்ன ஆவண எண் என்பது தெரிந்தால், கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் பெறலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. எண்ணும் ஆண்டும் தெரியாவிட்டால் பழைய குறியீட்டுப் புத்தகங்களைப் புரட்டித் தேடுவதிலேயே நாள்கள் கழியும். அந்த மூன்று விவரங்களையும் படத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பட்டா, சிட்டா விவரத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையில் எப்போதும் எடுக்கலாம். அதற்கும் சர்வே எண்ணோ பட்டா எண்ணோ வேண்டும். பயிர்க் காப்பீட்டில் வெள்ளச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மின்சாரம் இல்லாத, பஸ் ஓடாத அந்த மூன்று நாள்களில் காப்பீட்டு ரசீது கைப்பேசிக்குள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

பத்திரம் நனைந்துவிட்டால்

ஒட்டிய தாள்களைப் பிய்க்காதீர்கள். வெயிலில் போடுவதும் இஸ்திரி போடுவதும் கூடாது. மை கரையும், தாள் சுருங்கும். நிழலில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் மெதுவாக உலர விடுங்கள். பிரிந்து வரும் தாள்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத்தாளை வைத்து அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு நாள் ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்ததும் முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது நாளடைவில் பழுத்து எழுத்தையும் கெடுக்கும்.

வாசகர்கள் கேட்பவை

பழைய பத்திரத்தை லேமினேட் செய்யலாமா?
வேண்டாம். சூட்டில் பழைய தாளும் மையும் கெடும். பிறகு பிரிக்கவும் முடியாது. தாளின் உண்மைத்தன்மையைப் பார்க்கவும் தடையாகும். பிளாஸ்டிக் உறையில் தளர்வாக வைத்து, மூடி உள்ள டப்பாவில், தரையில் இருந்து உயரத்தில் வைத்தால் போதும்.

டிஜிலாக்கரில் ஏற்றிய படம் மூலத்துக்குச் சமமா?
அந்தந்தத் துறையே டிஜிலாக்கர் வழியாக வழங்கும் ஆவணம் மூலத்துக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து அதில் ஏற்றியது பாதுகாப்பு நகல் மட்டுமே.

கணினி மையத்தில் கொடுத்துப் பதிவேற்றுவது ஆபத்தா?
வேலை முடிந்ததும் உங்கள் கோப்பை அவர்கள் கணினியில் இருந்து உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். உதவித்தொகைத் திட்டத்தின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளை எக்காரணம் கொண்டும் நிறுவாதீர்கள்.

அரசுத் தளம் எங்கள் கோப்பை ஏற்க மறுக்கிறது, ஏன்?
பெரும்பாலும் அளவுதான் காரணம். ஒவ்வொரு தளமும் இத்தனை கேபிக்குள் என்று வரம்பு வைத்திருக்கும். தெளிவான பெரிய கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன் நகலை மட்டும் சுருக்கி அனுப்புங்கள். மூலக் கோப்பையே சுருக்கிவிட்டால் இழந்த தெளிவு திரும்பாது.

கும்பப்பூ நடவு முடிந்து கை ஓயும் ஒரு நாளில் தகரப்பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுங்கள், தாத்தாவைப் பத்திரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வயல் யார் உழைப்பில் வந்தது என்பதும் அன்றைக்கே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.