கடைப் பொம்மைகளும் ஒரு விற்பனைப் பெண்ணும்

பிரிட்டனின் பிபிசி நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரை 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. அடுத்த வாரம் முதல் அத்தியாயத்தையே மீண்டும் ஒளிபரப்பிவிட்டு, அதன் பின்னரே இரண்டாவதைக் காட்டினார்கள். அந்த முதல் அத்தியாயத்தை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். 1989 டிசம்பரில் தொடர் நின்றுபோனது. 2005 மார்ச் 26 அன்று அது மீண்டும் தொடங்கியபோது ஒளிபரப்பான ‘ரோஸ்’ என்ற அத்தியாயத்தின் ஓட்டம் ஏறக்குறைய 45 நிமிடங்கள்தாம். பொருளியல் பயின்றவனுக்கு அதில் சிந்திக்க நிறைய இருக்கிறது.

தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: டாக்டர் என்று மட்டுமே அறியப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, வெளியே நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டாகவும் உள்ளே பரந்த கூடமாகவும் உள்ள ‘டார்டிஸ்’ என்ற வாகனத்தில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். உயிர் போகும் நிலையில் அவருடைய உடல் முழுவதும் மாறிவிடும். நடிகரை மாற்றுவதற்காக 1966இல் கண்டுபிடித்த உத்தி இது.

இருபத்தாறு ஆண்டுக் கதைகள் ஒரு மூலதனம். ஆனால் அது பழைய ரசிகருக்கு மட்டுமே மூலதனம். புதிதாக வருபவருக்கு அதுவே நுழைவுக் கட்டணம். 1996இல் அமெரிக்க நிறுவனங்களுடன் சேர்ந்து எடுத்த தொலைக்காட்சித் திரைப்படம் இந்தக் கட்டணத்தை முதல் நிமிடத்திலேயே வசூலித்தது. பழைய எதிரியின் பெயர், பழைய கிரகத்தின் பெயர், பழைய நடிகர், அவர் இறந்து புதியவராக மாறும் காட்சி என்று எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பிரிட்டனில் நல்ல வரவேற்பு இருந்தும் அமெரிக்காவில் பார்வையாளர் திரளவில்லை. தொடராக அது நீளவில்லை.

‘ரோஸ்’ அத்தியாயத்தை எழுதிய ரஸ்ஸல் டி. டேவிஸ் சிறு வயது முதலே இத்தொடரின் ரசிகர். இருந்தும் பார்வையாளரை அவர் டாக்டரின் பக்கத்தில் நிறுத்தவில்லை. விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி விரையும் ஒளிப்படக்கருவி, லண்டனின் ஓர் எளிய குடியிருப்பில் ஒலிக்கும் கடிகாரத்தில் வந்து நிற்கிறது. பத்தொன்பது வயது ரோஸ் டைலர் எழுகிறாள், பேருந்து ஏறுகிறாள், பேரங்காடியில் துணிகளை மடிக்கிறாள், மதியம் காதலனுடன் உண்கிறாள். ஒரு முழு நாள் இரண்டு நிமிடத்திற்குள் முடிகிறது. அன்று மாலை கடையின் அடித்தளத்தில் காட்சிப் பொம்மைகள் உயிர்பெற்று அவளைச் சூழும்போதுதான் ஒரு கை அவள் கையைப் பற்றி ஓடச் சொல்கிறது. ரோஸுக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவே நமக்கும் தெரியும். டாக்டரின் கிரகம் எது, அவர் இனத்தின் பெயர் என்ன என்பதை அத்தியாயம் சொல்வதே இல்லை. ஏதோ ஒரு போர் நடந்தது, அதில் அவர் இருந்தார் என்ற குறிப்பு மட்டும் வருகிறது. பகைவர்களோ 1970இல் இத்தொடரில் வந்த அதே நெகிழிப் பொம்மைகள். அவற்றின் பழைய பெயர்கூட உரையாடலில் இல்லை. நினைவுள்ளவர்கள் புரிந்துகொள்ளட்டும், மற்றவர்கள் அஞ்சட்டும் என்று விட்டுவிடுகிறார் டேவிஸ்.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் உழைப்புலகச் சித்திரம். டாக்டர் வெடிவைத்துக் கடையைத் தகர்க்கிறார். உலகம் ஓர் ஆபத்திலிருந்து தற்காலிகமாகத் தப்புகிறது. ரோஸுக்கு வேலை போகிறது. மறுநாள் அவளுடைய தாய் பேசுவது இழப்பீட்டைப் பற்றியும், இறைச்சிக் கடையில் வேலை கிடைக்கலாம் என்பதைப் பற்றியும்தான். வேற்றுக்கிரகப் படையெடுப்பைக் காட்டும் படைப்புகளில் சம்பளம் இழந்தவர்கள் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. உச்சக்கட்டத்தில் டாக்டரைப் பொம்மைகள் பிடித்துவிட, அவரைக் காப்பாற்றுவது ரோஸ். மேல்நிலைத் தேர்வுத் தகுதி தனக்கு இல்லை, வேலை இல்லை, எதிர்காலமும் இல்லை, ஆனால் சிறுமியாக இருந்தபோது பள்ளி உடற்பயிற்சிக் குழுவில் வெண்கலம் வாங்கினேன் என்று சொல்லிச் சங்கிலியைப் பற்றி ஊஞ்சலாடுகிறாள். ஒருவரிடம் உள்ள திறனுக்கும் சந்தை அதற்கு இட்ட விலைக்கும் இடையிலான தூரத்தை எங்கள் துறையின் பாடநூல்கள் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

விலையிடுவதில் பிபிசியே தவறியதுண்டு. ஒளிப்பேழை நாடாக்கள் விலை மிகுந்திருந்த காலத்தில், பதிவுகளை அழித்து நாடாவை மறுபடி பயன்படுத்தினார்கள். மறு ஒளிபரப்புக்கு வழியில்லாத பழைய நாடகத்தின் மதிப்பு கணக்கேட்டில் பூஜ்யம். அறுபதுகளின் ‘டாக்டர் ஹூ’ அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவை இவ்வாறு மறைந்தன. 1985இல் தொடரைப் பதினெட்டு மாதங்கள் நிறுத்திவைத்தபோது பிபிசியின் முதல் அலைவரிசைக்குப் பொறுப்பாளராக இருந்த மைக்கேல் கிரேடுக்கு இத்தொடர் பிடிக்காது என்பது ஊரறிந்தது. அது மீண்டும் வந்தபோது அவரே பிபிசியின் தலைவராக இருந்தார்!

பிபிசிக்கு விளம்பர வருவாய் இல்லை. தொலைக்காட்சி வைத்திருக்கும் குடும்பங்கள் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. ‘ரோஸ்’ ஒளிபரப்பானபோது வண்ணத் தொலைக்காட்சிக்கு அது ஆண்டுக்கு 121 பவுண்டு. பேரனும் பாட்டியும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் சனிக்கிழமை நாடகத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது அன்று தொழிலில் நிலவிய பொதுக்கருத்து. விளம்பரதாரருக்கு வயதுவாரியாகப் பிரித்த பார்வையாளரே வசதி. எல்லாரிடமும் பணம் பெறும் நிறுவனத்திற்கோ எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைக்க முயல வேண்டிய கடமை இருக்கிறது. முதல் அலைவரிசையின் அப்போதைய பொறுப்பாளர் லொரெய்ன் ஹெகஸி இந்தச் சூதாட்டத்தை ஏற்றார். தயாரிப்பு லண்டனில் அல்லாமல் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் அமைந்தது. லண்டன் கடைவீதியாக நாம் காண்பதில் ஒரு பகுதி அந்த நகரம்தான். பின்னர் 2012இல் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் ரோத் லாக் என்ற படப்பிடிப்பு வளாகமே எழுந்தது.

குறைகள் இல்லாமலில்லை. காதலன் மிக்கியைக் குப்பைத்தொட்டி விழுங்கி ஏப்பம் விடும் காட்சி, குழந்தைகளுக்கென்றாலும், மட்டமான நகைச்சுவை. அவனைக் கோழையாகக் காட்டி முடிவில் ரோஸ் எளிதாக விட்டுச் செல்வதும் நியாயமாகப் படவில்லை. ஒளிபரப்பின்போது வேறொரு படப்பிடிப்பு அரங்கிலிருந்து தொகுப்பாளர் கிரகாம் நார்ட்டனின் குரல் சில பகுதிகளில் நாடகத்தின் ஊடே கலந்து கேட்டதை டேவிஸின் கணக்கில் எழுத முடியாது.

1.08 கோடிப் பேர் பார்த்தார்கள். நான்கே நாளில் அடுத்த பருவத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. அதே நாளில், டாக்டராக நடித்த கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன் முதல் பருவத்துடன் விலகுகிறார் என்ற செய்தியும் வெளியாயிற்று. 1966இல் கண்டுபிடித்த அந்தப் பழைய உத்தியை ஜூன் மாதத்திலேயே மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.