ஆளுக்கு இரண்டு ரூபாயில் ஒரு படம்

திரைப்படம் தொடங்கும்போது முதலாளியின் பெயர் திரையில் தோன்றுவது வழக்கம். 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்திப் படத்திலோ, குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் இப்படத்தை அளிக்கிறார்கள் என்ற அறிவிப்பு அவ்விடத்தில் வருகிறது. குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைச் சம்மேளனத்தைச் சேர்ந்த கிராமச் சங்கங்களின் அங்கத்தினர்கள் தங்கள் பால் பணத்திலிருந்து ஆளுக்கு 2 ரூபாய் விட்டுக்கொடுத்தார்கள். சேர்ந்த தொகை 10 லட்சம் ரூபாய். படம் வெளியானதும் தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே காண வேண்டுமென்று கிராமத்தார் லாரிகளில் ஏறிப் பட்டணத்துக் கொட்டகைகளுக்கு வந்தார்கள்.

'மந்தன்' என்றால் கடைதல். இயக்கியவர் ஷியாம் பெனகல். கதையை அவரோடு சேர்ந்து அமைத்தவர் ஆனந்த் நகரின் வர்கீஸ் குரியன். திரைக்கதை விஜய் தெண்டுல்கர். உணவுப் பண்டம் ஒன்று உற்பத்தியாகும் வீட்டிலிருந்து உண்போர் வீட்டுக்குப் போகும் வழியில் யார் யார் அதன்மீது கை வைக்கிறார்கள் என்பதைப் படித்தறிவதைக் காட்டிலும், கண்ணால் கண்டறிவது எளிது. அவ்வகையில் நம் அங்கத்தினர்களுக்கு இதனினும் பொருத்தமான படம் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை.

கதை சிறியது. கேடா மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு டாக்டர் ராவ் என்ற கால்நடை மருத்துவர், கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் பொருட்டு வருகிறார். அங்கே மிஸ்ரா என்ற தனியார் பால்பண்ணை முதலாளி தாம் வைத்ததே விலை என்று பால் வாங்கிவருகிறார். ஊர்த் தலைவரோ, சங்கம் வந்தால் அதற்கும் தாமே தலைவர் என்று எண்ணியிருக்கிறார். ஒடுக்கப்பட்ட மக்களின் சேரியில் எருமை வளர்க்கும் பிந்து என்ற பெண்ணும், வெளியூர் மனிதர் எவரையும் நம்பாத போலா என்ற இளைஞனும் நம் கவனத்துக்கு உரியவர்கள்.

படத்தில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது பாலைச் சோதிக்கும் விஷயம். கெர்பர் முறை என்று வழங்கும் அச்சோதனையைச் சற்று விளக்குவோம். கழுத்தில் அளவுக்கோடு இட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலம் விட்டு, 10.75 மில்லிலிட்டர் பாலும் 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலும் சேர்த்து, மூடி குலுக்கிச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். அமிலம் கொழுப்பு நீங்கலான மற்றப் பொருள்களைக் கரைத்துவிடும். கொழுப்பு தனியே பிரிந்து கழுத்துப் பகுதியில் நிற்கும். எத்தனை கோடு நிற்கிறதோ அத்தனை சதவிகிதம். பசுவின் பாலில் ஏறக்குறைய 4 என்றால் எருமைப் பாலில் 6 முதல் 8 வரை காணும். வெறும் படி அளந்து வாங்குகிற வியாபாரி கெட்டிப் பாலையும் நீர்ப் பாலையும் ஒரே விலைக்கு எடுத்து, வெண்ணெயைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளலாம். "உன் பால் சரியில்லை" என்று சொல்லி விலையையும் குறைக்கலாம். பதில் சொல்ல விற்பவரிடம் கருவி இல்லை. படத்தின் ராவ் கொழுப்பைச் சோதித்து அதற்கேற்ற விலை தர முற்படும்போது மிஸ்ரா ஏன் கலங்குகிறார் என்பது இப்போது விளங்கும். நூலின் எடையிலும் துணியின் அளவிலும் கழிவு கண்ட நம் நெசவாளர்களுக்கும், மண்டித் தராசைப் பார்த்து நின்ற நம் விவசாயிகளுக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை. பால் ஊற்ற வருவோர் எந்தச் சாதியினராயினும் வந்த முறைப்படி நிற்க வேண்டும்; எல்லோர் பாலும் ஒரே கேனில் விழும். உண்பதிலும் தொடுவதிலும் வேற்றுமை பாராட்டும் ஊரில் இது சிறிய காரியமன்று. படத்தில் தலைவர் தேர்தலில் ஊர்த் தலைவர், ஒடுக்கப்பட்ட மக்களின் வேட்பாளரிடம் தோற்கிறார். பின்னர் சேரிக் குடிசைகள் எரிகின்றன. எழுத்தறியாத பிந்துவின் கைநாட்டு ராவின் மீது பொய்ப் புகாராக மாறுகிறது. ராவ் மாற்றப்பட்டு ரயிலேறுகிறார். அத்துடன் சங்கம் முடிந்தது என்று நாம் எண்ணும் வேளையில், போலா மக்களைத் திரட்டிப் பால் சேகரிப்பைத் தொடங்குகிறான்.

படத்தைப் பாராட்டும் நாம் அதன் குறையையும் சொல்ல வேண்டும். உண்மை வரலாற்றில் கேடா மாவட்டச் சங்கம் வெளியூர் அதிகாரியால் பிறந்ததன்று. 1945-இல் பம்பாய் சர்க்காரின் பால் திட்டம் வந்தது. கேடாவின் பாலை வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமை தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது. 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் தலைமையில் கூடிய விவசாயிகள், பால் விற்பதை 15 நாட்கள் நிறுத்தினார்கள். உள்ளூர்க்காரரான திரிபுவன்தாஸ் படேல் கிராமம் கிராமமாக நடந்து சங்கங்களைக் கட்டினார். 1946 டிசம்பர் 14-இல் ஒன்றியம் பதிவாயிற்று. குரியன் ஆனந்துக்கு வந்ததே 1949-இல்தான். எருமைப் பாலிலிருந்து பால்மாவு எடுக்க வழி கண்ட எச். எம். தலாயாவின் உழைப்பும், 1955-இல் திறந்த தொழிற்சாலையும் படத்தில் இடம்பெறவில்லை. பால் சேர்ந்தபின் அது குளிர்விக்கப்பட்டு வெண்ணெயும் மாவுமாக மாறி விலைபோகாவிடில், கிராமத்து வெற்றி ஒரு வாரம்கூட நில்லாது. உணவுத் தொழிலை அறிய விரும்புவோர் இந்தப் பின்பாதியை வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

எனினும் படம் செய்த வேலை பெரிது. அதன் பிரதிகளை 16 மில்லிமீட்டர் சுருளில் எடுத்து நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பினார்கள். படப்பெட்டியோடு கால்நடை மருத்துவர், பால்துறை நிபுணர், தீவன நிபுணர் ஆகியோரும் சென்றார்கள். காட்சி முடிந்ததும், எங்கள் ஊரில் எப்படித் தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு அவர்கள் அங்கேயே விடை சொன்னார்கள்.

பழுதுற்றிருந்த படச்சுருள் செப்பனிடப்பட்டு 2024 மே மாதத்தில் கேன்ஸ் விழாவில் காட்டப்பட்டது. அடுத்த மாதம் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கும் வந்தது. சங்கக் கூடத்தில் உரிய அனுமதியுடன் இதைக் காட்ட ஏற்பாடு செய்வோர், இந்தி அறியாதவர்களுக்காக இடையிடையே நிறுத்தித் தமிழில் கதை சொல்ல ஒருவரை அமர்த்திக்கொள்வது நலம். அருகில் பால் சங்கம் இருக்குமாயின் அதன் செயலாளரை ஒரு சோதனைக் குழாயுடன் வரும்படி கேட்டுக்கொள்ளலாம். இப்போது பல இடங்களில் மின்னணுக் கருவி வந்துவிட்டது. எனினும் கழுத்தில் ஏறி நிற்கும் கொழுப்பைக் கண்ணால் பார்ப்பது தனி அனுபவம். அமிலம் கையில் படாதிருக்கட்டும்.