எதைத் தேடுவது? எதைத் தவிர்ப்பது?

மாணவர்களே, பழைய ரப்பர் தோட்டங்களைப் பற்றி உங்கள் வகுப்பு ஓர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளின் பேட்டிகளைத் தட்டச்சு செய்து, எழுத்துக் கோப்புகளாக ஒரு கோப்புறையில் சேர்க்கிறீர்கள். படங்களும் காணொளிகளும் அங்கேயே உள்ளன. பழைய நகல்களை 'பழையவை' என்ற உள்கோப்புறையில் போட்டிருக்கிறீர்கள். இப்போது ஒரு கேள்வி: 'ஒட்டுப்பால்' பற்றிப் பேசியவர்கள் யார் யார்?

லினக்ஸ், மேக் கணினிகளின் முனையத்தில் இதற்கென ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'கிரெப்'. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் எழுதிய இந்த நிரல், 1973-இல் யூனிக்ஸின் நான்காம் பதிப்பில் இடம்பெற்றது. அக்காலத்தில் லீ மக்மாகன் என்பவர், 85 பழைய அமெரிக்கக் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உரை அன்றைய 'எட்' தொகுப்பியில் அடங்கவில்லை. பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் தனி நிரல் அதனால் தேவைப்பட்டது.

கிரெப்புக்குப் பொருள் தெரியாது. 'ஒட்டுப்பால்' என்ற சொல்லை அது 33 பைட்டுகளின் வரிசையாகவே பார்க்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு. இச்சொல்லில் 11 குறியீடுகள். உள்கோப்புறைகளிலும் தேடச் சொன்னால், அதே வரிசையைக் காணொளிக்குள்ளும் தேடி நேரத்தை வீணாக்கும். நகல்களிலிருந்து அதே விடையை இரண்டாம் முறையும் தரும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, எல்லாவற்றையும் தேடிவிட்டு, 'பழையவை' என்ற சொல் உள்ள வரிகளை இன்னொரு கிரெப்பால் நீக்குவது. இதற்குச் சிறு கோடும் 'வி' எழுத்தும் போதும். ஆனால், இதில் ஓர் ஆபத்து உண்டு. "ஒட்டுப்பால் போட்ட வாளிகள் எல்லாம் பழையவை" என்று ஒரு பாட்டி சொல்லியிருந்தால், அந்த வரியும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்! கோப்புறையின் பெயர் எது, பாட்டியின் பேச்சு எது என்று இரண்டாவது கிரெப்புக்குத் தெரியாது.

இரண்டாம் வழி, அந்த இடத்துக்குள் நுழையவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வது. இரண்டு சிறு கோடுகளுடன் 'எக்ஸ்க்ளூட்-டிர்' என்று எழுதி, சமக்குறிக்குப் பின் கோப்புறையின் பெயரைத் தர வேண்டும். 'எக்ஸ்க்ளூட்' என்று மட்டும் எழுதினால் கோப்பு வகைகளைத் தவிர்க்கலாம். நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜி என்று தந்தால் அவ்வகைப் படங்கள் விலகும். அதை மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் கிரெப் பார்க்கும் முன்பே முனையம் அந்த நட்சத்திரத்தை விரித்துவிடக்கூடும்.

கோப்புகளைப் பெயரால் தேடும் 'ஃபைண்ட்' கட்டளையிலும் இதே வேறுபாடு உண்டு. 'நாட்' என்றால் கிளைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, வெளியே சொல்லாமல் இருக்கும். 'ப்ரூன்' என்றால் அந்தக் கிளைக்கே போகாது. மரத்தைக் கவாத்து செய்வது போலத்தான்.

ஒன்றை மறவாதீர்கள். கணினி எதையும் காட்டாவிட்டால், "நான் தேடிய இடத்தில் இல்லை" என்றுதான் பொருள். வேர்டு கோப்பில் எழுத்து சுருக்கப்பட்டிருப்பதால், உள்ளே சொல் இருந்தும் கிரெப்புக்குத் தெரியாது. ஆகவே, எதையும் தவிர்க்காமல் ஒரு முறை, தவிர்த்து ஒரு முறை தேடி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். விடுபட்டவை நீங்கள் விட நினைத்தவை மட்டும்தானா? அதை உறுதிசெய்த பிறகு அறிக்கையை எழுதுங்கள்.