பழைய லாரியில் வெண்புகையும் ஜல நஷ்டமும்

தை மாதம் பிறந்தவுடன் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் சம்பா நெல் வரத் தொடங்குகிறது. வல்லம், வளத்தி, அவலூர்ப்பேட்டை முதலிய திசைகளிலிருந்து மூட்டை ஏற்றி வரும் லாரிகள் விடியுமுன்பே வந்து வரிசையில் நிற்கும். அவற்றுள் பல, நிலச்சுவான்தார்கள் பழைய வண்டியாக வாங்கி, நெல், கரும்பு, எரு ஆகியவற்றை ஏற்றுவதற்குச் சொந்தத்தில் வைத்திருப்பவை. பனி விழும் அந்நேரத்தில் ஏறக்குறைய எல்லா வண்டிகளின் புகைக்குழாயிலிருந்தும் வெண்புகை எழுவதைக் காணலாம். சிலர் இதைக் கண்டு வீணே கலங்கி, எஞ்சினைக் கழற்றக் கொடுத்து விடுகிறார்கள். வேறு சிலரோ, நாள்தோறும் ரேடியேட்டரில் ஒரு குடம் ஜலம் ஊற்றிக்கொண்டே, பழைய வண்டியென்றால் அப்படித்தான் என்று சமாதானம் அடைகிறார்கள். இது கழிச்சல் கண்ட மாட்டுக்குத் தண்ணீர் மட்டும் காட்டிக்கொண்டிருப்பதை ஒக்கும். முன்னவருக்கு நஷ்டம் கொஞ்சம். பின்னவருக்கு அறுவடை மத்தியில் எஞ்சினே போய்விடக் கூடும்.

வெண்புகை மூன்று வகைப்படும். முதலாவது, வெறும் பனிக்காலத்து நீராவி. ஒரு லிட்டர் டீஸல் எரியும்போது, அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலத்திற்குச் சமமான நீராவி உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். வெயில் காலத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காலையில், குளிர்ந்த சைலன்ஸரில் பட்டு வெண்மையாகத் தோன்றும். எஞ்சின் சூடேறிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இது நின்று விடுமானால், ரேடியேட்டரில் ஜலமும் குறையாதிருக்குமானால், வண்டியைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, எரியாத டீஸலின் புகை. டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை வெகுவாக அமுக்கி, அந்த உஷ்ணத்திலேயே எண்ணெயைப் பற்ற வைப்பதே அதன் முறை. இஞ்செக்டர் ஒழுகினாலும், பம்பின் நேரம் பிந்தியிருந்தாலும், தேய்ந்த ரிங்குகளால் அமுக்கம் குறைந்திருந்தாலும், எண்ணெய் பற்றாமல் மூடுபனி போல் வெளிவரும். அதன் நெடி மூக்கைத் துளைக்கும், கண் எரியும், வண்டியின் பின்னால் நெடுநேரம் காற்றில் தங்கும். மூன்றாவதே நாம் அஞ்ச வேண்டியது: எஞ்சினைக் குளிரச் செய்யும் ஜலம் ஸிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகி வெளிப்படுவது. அதில் டீஸல் நெடி அதிகமிராது. ரேடியேட்டரில் கூலண்ட் கலந்திருந்தால் சற்று இனிப்பான வாசனை தோன்றும். சில அடி தூரத்திலேயே கரைந்து விடும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் ஓயாது. குளிர்ந்த தகரத் தட்டு ஒன்றைப் புகைக்குழாயின் எதிரே சற்று நேரம் பிடித்துப் பார்த்தால், எண்ணெய்ப் பிசுக்கு படிகிறதா, ஜலத் துளி நிற்கிறதா என்பது விளங்கும். ஆயினும் பனிக்கால ஆவியும் துளியாகவே நிற்குமாகையால், எஞ்சின் சூடேறிய பிறகே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

புகையின் நிறத்தை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே இங்கு முக்கியம். அளந்தறிந்த ஜல நஷ்டம் அதனுடன் சேர்ந்தால்தான் சாட்சி பூர்த்தியாகும். டிரைவரைக் கேட்டால் "ஒரு செம்பு ஊற்றினேன்" என்பார். செம்பு எவ்வளவு, எத்தனை மைலுக்கு என்பது தெரியாது. ஆகையால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் முழுதும் ஆறிய பின், ஒரே குறி வரை லிட்டர் அளவையால் ஊற்றி, ஊற்றிய அளவையும் கிலோமீட்டர் எண்ணையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் ஒரு வாரம் எழுதி வரச் சொல்லுக. பால் கணக்கு எழுதும் வீட்டில் இது பெரிய காரியமன்று. சூடான ரேடியேட்டரின் மூடியை மாத்திரம் ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட ஜலம் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமலிருந்து, மூடி தளர்ந்த க்ஷணத்தில் பீறிட்டு முகத்தை வெந்து போகச் செய்யும்.

ஜலம் குறைவது உறுதியானால், எஞ்சினைத் திறக்குமுன் வெளியே தேட வேண்டும். ஹோஸ்களின் இறுக்கி, வாட்டர் பம்பின் அடித்துளை, ரேடியேட்டரின் இணைப்புகள் ஆகிய இடங்களில் வெண்ணிறப் படிவோ ஈரமோ இருக்கும். தேய்ந்து போன ரேடியேட்டர் மூடி ஒன்றே ஜலம் முழுவதையும் வழியவிட்டுவிடுவதுண்டு. அதை மாற்றுவது மிகச் சொற்பச் செலவு. வெளியே ஒன்றும் அகப்படாவிட்டால், ரேடியேட்டரில் பொருத்தும் கைப்பம்பினால், மூடியில் அச்சிட்ட அழுத்தத்திற்கு மேற்போகாமல் அழுத்தி வைத்து, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது குமிழிச் சோதனை. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடியின்றி ஓட்டுக. முதலில் சிக்கியிருந்த காற்று சிறிது வெளிவருவது இயல்பு. அது நின்ற பிறகும், ஜலம் சூடேறுமுன்பே, ஓயாமல் குமிழிகள் எழுமாயின், எங்கிருந்தோ வாயு ஜலத்துக்குள் புகுகிறது என்று பொருள். இவ்விடத்தில்தான் பலர் தவறி, உடனே ஹெட்டைக் கழற்றி விடுகிறார்கள். காற்றுப் பிரேக்குள்ள லாரிகளில், காற்றை அமுக்கும் கம்பிரஸரின் தலையும் பல வண்டிகளில் இதே ஜலத்தால்தான் குளிர்விக்கப்படுகிறது. அதன் சிறு கேஸ்கட் போனாலும் இதே குமிழிதான். இதே ஜல நஷ்டந்தான். பிரித்தறியும் வழி எளிது. காற்றுத் தொட்டி நிறைந்து கம்பிரஸர் ஓய்ந்ததும் குமிழி நிற்கிறதா என்று பார்க்க. பின்பு பிரேக்கைப் பலமுறை மிதித்துத் தொட்டியின் அழுத்தத்தைக் குறைத்தால், குமிழி மீண்டும் எழுகிறதா என்று பார்க்க. அவ்வாறாயின் குற்றம் கம்பிரஸரில். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால், காற்றின் ஈரத்தால் இயல்பாகச் சேரும் சிறிது ஜலத்திற்குப் பதிலாக, கூலண்டின் நிறத்துடன் தாராளமாக ஜலம் வருவதும் உண்டு. பிரேக்குக் குழாயில் ஜலம் தங்குவது எஞ்சின் கெடுவதை விடப் பெரிய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பிரஸர் நிரபராதியென்று தெரிந்தால், ஸிலிண்டரின் வாயுவே ஜலத்துக்குள் வருகிறது எனக் கொள்ளலாம். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல நிற ரசாயனத் திரவம் ஒன்று இப்போது கடைகளில் கிடைக்கிறது. எரிந்த வாயு கலந்தால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். ஆயில் குச்சியையும் உருவிப் பார்க்க வேண்டும். பால் விட்ட தேநீர் போல் ஆயில் வெளுத்திருந்தால் ஜலம் அடித்தொட்டிக்கும் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலுடன் ஒரு மைல் கூட ஓட்டலாகாது, பேரிங்குகள் போய்விடும். ரேடியேட்டர் ஜலத்தின் மேல் எண்ணெய் ஏடு மிதக்கக் கண்டால், ஆயில் கூலர் உள்ள எஞ்சினாயின் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எந்த ஸிலிண்டர் என்று அறிய, இரவு முழுவதும் கைப்பம்பின் அழுத்தத்தில் வைத்து, காலையில் இஞ்செக்டர்கள் அனைத்தையும் கழற்றி, டீஸலை நிறுத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு எஞ்சினைச் சுழற்றுவது வழக்கம். ஜலம் பீறிடும் துளையே குற்றவாளி. இஞ்செக்டர்களைக் கழற்றாமல் சுழற்றுவதன் அபாயம் யாதெனில், ஜலம் காற்றைப் போல் அமுங்குவதன்று. ஒரு கையளவு ஜலம் பிஸ்டனின் மேல் தங்கியிருக்க ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்து போகும். காலையில் எஞ்சின் பாதிச் சுற்றில் முட்டி நின்றால், மறுபடியும் ஸ்டார்ட்டரை அழுத்தவோ வண்டியைத் தள்ளி ஓட்டவோ முயல்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நலம்.

கேஸ்கட் எரிந்ததென்று முடிவானதும் புதியது ஒன்றை வாங்கிப் போட்டு மூடி விடுவது பலருடைய வழக்கம். செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், நெல்லும் கரும்பும் ஏற்றும் பழைய லாரி ஒன்றுக்கு நான்கு மாதத்தில் இரண்டு முறை கேஸ்கட் மாற்றியும் வெண்புகை நிற்கவில்லை. சொந்தக்காரர் மனம் நொந்து வண்டியைப் பழைய இரும்புக்குப் போட எண்ணியிருந்தார். கழற்றிய இரண்டு கேஸ்கட்டுகளையும் தற்செயலாக அவர் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் மூன்றாவது ஸிலிண்டருக்கும் அடுத்த ஜலத் துளைக்கும் நடுவில், ஒரே இடத்தில், கருத்த தடம் ஓடியிருந்தது. ஒரே இடத்தில் இரண்டு முறை எரிவது கேஸ்கட்டின் குற்றமாக இராது. ஹெட்டை நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் வளைவில்லை. பிளாக்கைப் பார்த்தபோதுதான் மூன்றாவது லைனர் மற்றவைகளை விட உள்ளே அமிழ்ந்திருந்தது தெரிந்தது. லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்தை விட ஒரு மயிரளவு உயர்ந்திருந்தால்தான் கேஸ்கட்டை அது இறுகக் கவ்வும். அமிழ்ந்தால் அங்கே பிடிப்பு இல்லை. லைனரின் கழுத்தடியில் மெல்லிய தகடு வளையம் வைத்து உயரத்தைச் சரி செய்தபின் புகை நின்றது. வண்டி இன்னும் ஓடுகிறது. கழற்றிய பழைய கேஸ்கட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டு வராமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்று எல்லோருக்கும் சொல்லுகிறேன்.

ஆகவே ஹெட்டைத் திறந்த பிறகு அதன் வளைவு, வால்வுகளின் இடையிலுள்ள வெடிப்பு, லைனரின் உயரம், சில எஞ்சின்களில் இஞ்செக்டரைச் சூழ்ந்துள்ள செம்புக் குழல் ஆகிய நான்கையும் பாராமல் மூட விடலாகாது. வளைவுக்குப் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே எல்லை. சரியான அளவை அந்த எஞ்சினின் புஸ்தகத்தில் பார்க்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, புஸ்தகத்தில் கண்ட வரிசையில், அளவுச் சாவி கொண்டு படிப்படியாக முறுக்குவது அவசியம். கைப்பலத்தை நம்பி முறுக்கிய ஹெட் வெகு நாள் நிற்பதில்லை.

இக்கோளாறுகளுக்கு மூலம் பெரும்பாலும் அதிக உஷ்ணம். அந்த உஷ்ணத்திற்கு மூலம் பெரும்பாலும் நாம் ஊற்றும் ஜலமே. நமது பகுதிப் பாறைக் கிணறுகளின் ஜலத்தைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு பிடிப்பதைப் பெண்டிர் அறிவர். அதே பொருக்கு எஞ்சினின் உட்சுவரிலும் படிகிறது. இரும்பை விட அது பல பங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்துமாதலால், ரேடியேட்டர் குளிர்ந்திருக்க ஸிலிண்டர் கொதிக்கிறது. மலைக்கோட்டையில் பாறைச் சுனைகளில் மழை ஜலத்தைத் தேக்கிப் பிழைத்த ஊரில், ஓட்டுக் கூரையிலிருந்து ஓரிரு குடம் மழை ஜலம் பிடித்து வைப்பது கடினமன்று. அதனினும் மேலானது, வடித்த ஜலத்தில் எஞ்சின் புஸ்தகம் சொல்லும் அளவில், சாதாரணமாகச் சரிபாதி, கூலண்ட் கலந்து ஊற்றுவது. துரு பிடிப்பதை மட்டுமன்றி, ஜலத்துக்குள்ளேயே நிற்கும் லைனர்களின் வெளிப்புறத்தில் ஊசித் துளை விழுவதையும் அது தடுக்கும். வழியில் கொதித்து விட்டால், குளிர்ந்த ஜலத்தைச் சடுதியில் ஊற்றுவதால் ஹெட் வெடிக்கும். வண்டியை நிறுத்தி, எஞ்சின் தானே ஆறும் வரை காத்திருந்து, பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

கூலண்ட் விஷயத்தில் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் இனிப்புச் சுவையுடையது, கொடிய விஷம். கொட்டகை ஓரத்தில் வடித்து வைத்த சட்டியிலிருந்து கன்றோ ஆடோ நாயோ குடித்தால் சிறுநீரகம் பழுதாகி இறக்கும். வடித்ததை மூடியுள்ள டின்னில் பிடித்து, பிள்ளைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டலாகாது. விலங்கு குடித்ததாக ஐயம் எழுந்தால், நோய்க் குறி தோன்றும் வரை காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.