ஈஜாஸும் செய்தி எழுத்தும்

செய்தி எழுதப் பழகும் மாணவரிடம் முதலில் தலைதூக்குவது சொற்பெருக்கமே. விழாவின் சிறப்பையும் வந்தோரின் பட்டங்களையும் அடுக்கிவிட்டு, நடந்தது யாது என்பதைக் கடைசிப் பத்தியில் வைப்பர். இதற்குச் சிறு பாவடிவங்கள் நல்ல மருந்து எனக் கருதுகிறோம்.

இதற்குப் புதுவை மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 'இந்தியா' வார இதழை நடத்திய இதழாளருமாவார். ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்திய அவரது கட்டுரை 16-10-1916 அன்று சுதேசமித்திரன் நாளிதழில் வெளிவந்தது. ஹைக்கூ நமக்கு அறிமுகமானதே செய்தித்தாள் வழியாகத்தான்.

அரபு மதரஸாக்களில் பயிலும் பலாகா கலை, சொற்சுருக்கத்தை 'ஈஜாஸ்' என்று அழைத்து இரு வகையாக்கும். எதையும் விடாமல், குறைந்த சொல்லில் நிறைந்த பொருளை அடக்குவது ஒன்று. ஏழு சீரில் முடியும் குறள் இவ்வகைக்குத் தக்க சான்று. சொல்லையே நீக்கிவிடுவது மற்றொன்று. ஹைக்கூவின் உயிர் இதில் இருக்கிறது. ஆனால் நீக்கியதை உணர்த்தும் குறிப்பு, அதாவது 'கரீனா', வாசகத்தில் இருந்தாக வேண்டும். அஃதின்றேல் அது சுருக்கமாகாது. பொருளைச் சிதைக்கும் 'இக்லால்' ஆகிவிடும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை அவர்தம் ஊர்ச் செய்தியைக் கொண்டே விளக்கலாம். பாகூர் ஏரியின் மதகு திறக்கப்படுவதாகக் கொள்வோம். மதகு திறந்தது, கொக்கு பறந்தது என்பதோடு கவிதை நிற்கலாம். எஞ்சியதை வாசகர் மனம் நிரப்பிக்கொள்ளும். செய்தியில் அவ்வாறு நிரப்ப விட்டால் வதந்தி பிறக்கும். எந்த நாள் திறப்பு, எத்தனை நாள் நீர் வரும், கடைமடைக்கு எப்போது எட்டும் என்பவற்றை ஊகத்துக்கு விடலாகாது. 'கோலாகலமாக', 'திரளானோர் முன்னிலையில்' ஆகியவற்றை நீக்கினாலோ எவருக்கும் இழப்பில்லை.

ஆதலால் பயிற்சி இரு படிகளாக அமைதல் நலம். முதலில் செய்தியை ஏழு சொல்லில் எழுதச் செய்க. பின்பு அதை ஓர் உழவரிடம் படித்துக் காட்டி, அவர் கேட்கும் கேள்விகளுக்குரிய விடைகளை மட்டும் சேர்க்கச் செய்க. முதற்படி கவிஞரிடம் கற்பது. இரண்டாம் படியே இதழாளரை உருவாக்குவது. அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் நாற்றுவிடும் நாளைக் குறிக்கிறார்.