காலியாகத் திரும்பும் வண்டிக்குக் காசு யார் கொடுப்பது?

திருச்சி விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு அரியலூர் மாவட்டத்துச் செந்துறைக்குக் கார் வேண்டும் என்று கேட்டால், ஒரே மாதிரி டிசையர் காருக்கு மூன்று வாடகை கிடைக்கும். செல்போன் ஆப்பில் ஒன்று, கவுன்ட்டரில் ஒன்று, வெளியே கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்பவர் சொல்வது ஒன்று. மூன்றுக்கும் இடையே சில சமயம் ஆயிரம் ரூபாய்க்கு மேல்கூட வித்தியாசம் வரும். யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை. செந்துறையில் ஆளை இறக்கிவிட்ட பிறகு அந்தக் கார் காலியாகத் திரும்ப வேண்டும், அந்த டீசலுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு மூன்று பேரும் மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

தூரத்தைப் பார்த்தால் இது விளங்கும். விமான நிலையம் திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. செந்துறை நேர் எதிர்த் திசையில், வடகிழக்கே. காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, நம்பர் 1 டோல்கேட்டில் திரும்பி, லால்குடி, கல்லக்குடி, கீழப்பழுவூர், அரியலூர் என்று போய்ச் சேர ஏறத்தாழ 90 கி.மீ. ஆகும். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்களில் பல இரவில் வருபவை. இமிகிரேஷன், கஸ்டம்ஸ் முடித்து ஒருவர் செந்துறையில் வந்து இறங்கும்போது ஊர் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அங்கிருந்து திருச்சிக்குச் சவாரி ஏற யார் இருக்கிறார்கள்?

ஆப் டாக்சியின் கணக்கே, இறக்கிவிடும் இடத்தில் அடுத்த சவாரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. 2010இல் தொடங்கிய ஓலாவும், 2013இல் பெங்களூரு வழியாக இந்தியாவுக்குள் வந்த உபரும் பெரிய நகரங்களை மனதில் வைத்துத்தான் விலை வைத்தன. திருச்சியில் ஓலா, ரெட் டாக்சி போன்றவை ஓடுகின்றன. விமான நிலையத்திலிருந்து தில்லைநகருக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போகிறவருக்கு இவைதான் லாபம், அதில் சந்தேகமே வேண்டாம். விலை முன்கூட்டியே தெரிகிறது, பேரம் இல்லை, வண்டி நம்பர் கையில் இருக்கிறது.

செந்துறைக்காரர் புக் செய்தால் கதை வேறு. போன் வரும். “எங்க சார் டிராப்பு?” பதில் சொன்னதும் ஒரு சின்ன மௌனம். பிறகு “கேன்சல் பண்ணிடுங்க சார்” என்பார், அல்லது சொல்லாமலே ரத்தாகிவிடும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. செந்துறை போய்த் திரும்பும் மூன்று நாலு மணி நேரத்தில் நகரத்துக்குள் அவர் பல சவாரி அடித்துவிடுவார்.

2025 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வாகனத் திரட்டி வழிகாட்டு நெறிமுறைகள் இதில் கொஞ்சம் கை வைத்தன. ஏற்றுக்கொண்ட சவாரியைத் தகுந்த காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம் அபராதம், அதுவும் 100 ரூபாய்க்கு மிகாமல். ஓட்டுநருக்கும் இது பொருந்தும், பயணிக்கும் பொருந்தும். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கு வரை வாங்கலாம்; 2020 நெறிமுறையில் இது ஒன்றரை மடங்காக இருந்தது. பயணியை ஏற்ற வரும் காலி ஓட்டத்துக்குத் தனிக் காசு கூடாது என்றும் இருக்கிறது, 3 கி.மீ.க்குக் குறைந்த சவாரிக்கு மட்டும் விலக்கு. ஏற்றிக்கொள்ள வரும் ஓட்டத்தைப் பற்றி விதி கவலைப்படுகிறது. செந்துறைக்காரரின் தலைவலியோ இறக்கிவிட்டுத் திரும்பும் 90 கி.மீ.

இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் தமிழ்நாட்டின் ‘டிராப் டாக்சி’ தொழில். ஒருவழிக்கு மட்டும் காசு என்பது அவர்கள் விளம்பரம். விளம்பரத்தின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்: பல நிறுவனங்கள் ஒருவழிப் பயணத்துக்குக் குறைந்தது 130 கி.மீ. என்று வைத்திருக்கின்றன. அதாவது 90 கி.மீ. போனாலும் 130க்குக் காசு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஓட்டுநர் பேட்டா 400 என்று வைத்துக்கொண்டால் 1,820 கூட்டல் 400, ஆக 2,220 ரூபாய். டோல் தனி. ஓடாத அந்த 40 கி.மீ.தான் காலி ஓட்டத்தில் பயணியின் பங்கு. மீதி 50 கி.மீ.யை ஓட்டுநரும் நிறுவனமும் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு சவாரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தாங்குகிறார்கள்.

பழைய ‘அப் அண்டு டவுன்’ கணக்கில் இந்தப் பங்கு முழுவதும் பயணி தலையில். போக வர 180 கி.மீ. ஆனாலும், நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்றால் 3,250, பேட்டா சேர்த்தால் 3,650. கிலோமீட்டர் விலை ஒரு ரூபாய் குறைவு, கடைசி பில்லோ ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் அதிகம். விலை கேட்கும்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மொத்தமாக எவ்வளவு, டோலும் பேட்டாவும் அதற்குள்ளா வெளியிலா என்று ஒரே மூச்சில் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால் செந்துறை கடைவீதியில் நின்றுகொண்டு வாய்ச்சண்டை போட வேண்டியிருக்காது.

விமான நிலையங்களில் ப்ரீபெய்டு கவுன்ட்டர் என்று ஒன்று இருந்தால், அங்கே பேரமில்லை. தொகையைக் கட்டினால் வண்டி நம்பரோடு ரசீது தருவார்கள். அந்த ரசீதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல், வீட்டு வாசலில் இறங்கிய பிறகு கொடுப்பதுதான் முறை. விலை சற்றுத் தூக்கலாக இருப்பதற்குக் காரணம், உள்ளே இடம் பிடிக்க அவர்கள் விமான நிலையத்துக்குக் கட்டும் உரிமத் தொகை. நள்ளிரவில் தனியாக வரும் பெண்ணுக்கோ வயதானவருக்கோ அந்தக் கூடுதல் தொகை வீண் என்று சொல்ல முடியாது.

இதில் சாங்கி விமான நிலையத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் டாக்சி வரிசையில் நின்று ஏறினால் மீட்டருக்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம் என்று சில சிங்கப்பூர் டாலர் விழும். நள்ளிரவுக்கு மேல் மீட்டர் தொகையில் பாதி இன்னும் கூடும். ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் சாங்கிக்கு டாக்சிகள் காலியாக வந்து நிற்க வேண்டுமே, அதற்கான கூலிதான் அந்த விமான நிலையக் கட்டணம். நம் ஊரில் பேரத்துக்குள் ஒளிந்திருக்கும் அதே காசை அங்கே ரசீதில் தனி வரியாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையமோ 2019 அக்டோபரில் ஆப் வண்டிகளையும் டாக்சிகளையும் சேர்த்தே முனைய வாசலிலிருந்து விரட்டி, ஒதுக்குப்புறமான திடல் ஒன்றுக்கு அனுப்பிவிட்டது. பயணி அங்கே நடந்தோ இலவச பஸ்ஸிலோ போய் ஏற வேண்டும். சென்னையில் ஆப் வண்டி பிடிக்க, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அடுக்குமாடி வாகன நிறுத்தம் வரை நடந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

சென்னை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிக்கெட் சகாயமாகக் கிடைக்கிறது என்று மீனம்பாக்கத்தில் இறங்கும் செந்துறைக்காரர்கள் உண்டு. அங்கிருந்து ஊருக்குச் சுமார் 250 கி.மீ. என்பதால் 130 கி.மீ. நிபந்தனை உறுத்தாது; ஒருவழி டாக்சி அங்கேதான் உண்மையிலேயே ஒருவழி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் பகலில் வருகிறவர் டாக்சியை யோசிக்கவே தேவையில்லை. எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். மின்சார ரயிலில் தாம்பரம் போனால் அரியலூர் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன் ரயில்கள். வைகை, பல்லவன் எக்ஸ்பிரஸ்கள் இரண்டும் அரியலூரில் நிற்கும். பஸ்தான் என்றால் 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் முனையம், அதே ஜி.எஸ்.டி. சாலையில்.

பெட்டியின் அளவும் ஒரு கணக்கு. 30 கிலோ பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று, டியூட்டி ஃப்ரீ பை ஒன்று என்று வருபவருக்கு ஆப் ஒதுக்கும் செடான் பல நேரம் சி.என்.ஜி. வண்டியாக இருக்கும். டிக்கியைத் திறந்தால் பாதியைச் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பெட்டி முன் சீட்டில் உட்காரும், இன்னொன்று மடியில். புக் செய்யும்போதே கேரியர் உண்டா, டிக்கியில் கேஸ் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கலை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து வருபவரின் இந்திய சிம் பெரும்பாலும் உயிரோடு இருக்காது. நிறுவனங்கள் 90 நாள் பயன்பாடில்லாத எண்ணை நிறுத்திவிடலாம் என்பது விதி. சிம் இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் ஆப் திறக்காது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தினமும் தட்டிய கிராப் ஆப் இங்கே ஓடாது. ஊரிலிருக்கும் தம்பியோ மச்சானோ தன் போனில் புக் செய்து வண்டி நம்பரையும் ஓ.டி.பி.யையும் அனுப்பி வைப்பதுதான் நடைமுறையில் நடக்கிறது. இதற்கு போனில் இணையமும் வாட்ஸ்அப்பும் இருந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு, அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் குடும்பங்கள் பல ஊரிலிருந்தே வண்டி பிடித்துக்கொண்டு வருகின்றன என்றால் அது பழமைப் பற்று மட்டுமல்ல, அதிலும் கணக்கு இருக்கிறது. ஊர்க் கார் ஸ்டாண்டில் எடுத்த வண்டியில் அம்மா, மனைவி, பிள்ளைகள், ஒரு பெரியப்பா என்று ஏறி வருகிறார்கள். காலியாகப் போக வேண்டிய பக்கம் நிறைந்துவிடுகிறது. விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் வெயிட்டிங் சார்ஜ் ஏறும், குழந்தை அழும், 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தின் வண்ண வண்ணக் கோபுர முகப்பைப் பார்த்தே பொழுது போகும். ஆனாலும் அப் அண்டு டவுன் கொடுத்த காசுக்கு அப் அண்டு டவுன் இரண்டையும் உபயோகப்படுத்துவது இவர்கள்தான்.

தனியாக, ஒரு பெட்டியோடு, பகலில் இறங்குகிறவருக்கு மலிவான வழி காரை இரண்டு துண்டாக்குவது. விமான நிலையத்திலிருந்து திருச்சி ஜங்ஷனுக்கு ஆப் ஆட்டோ அல்லது டாக்சி, சுமார் 5 கி.மீ.தான், எந்த ஓட்டுநரும் மறுக்க மாட்டார். அங்கிருந்து அரியலூர் வரை ரயில். செந்துறைக்கும் அதே கார்டு லைனில் ஸ்டேஷன் இருக்கிறது என்றாலும் பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்பதில்லை. அரியலூரில் இறங்கினால் மீதி சுமார் 20 கி.மீ.க்கு பஸ் உண்டு, அவசரம் என்றால் உள்ளூர் டாக்சி. பஸ் என்று யோசிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜூலை முதல் திருச்சியின் வெளியூர் பஸ்கள் பலவும் மதுரை சாலையிலுள்ள பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. பழைய நினைப்பில் மத்தியப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ ஏறாமல் முதலில் விசாரித்துக்கொள்ளலாம்.

பெரம்பலூர்க்காரருக்கு இவ்வளவு கவலை இல்லை. ஊர் சென்னை நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. இறக்கிவிட்ட ஓட்டுநர் நான்கு வழிச் சாலையில் நின்றால் சென்னைக்கோ திருச்சிக்கோ சவாரி பிடிக்க வழியுண்டு. அதனால் ஒருவழி விலைக்கே ஒப்புக்கொள்ளும் வண்டி கிடைக்கும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் செந்துறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் செந்துறைக்காரருக்கும் சாதகமாக ஒரு காலி ஓட்டம் தினமும் நடக்கிறது. வெளிநாடு புறப்படுகிறவர்களைக் கொண்டுவந்து விட்ட அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து வண்டிகள் திருச்சியிலிருந்து வெறுமனே திரும்ப வேண்டும். அந்த ஓட்டுநருக்கு வருகிற காசு எல்லாம் மிச்சம் என்பதால் பாதி விலைக்கும் இறங்கி வருவார். இதை வாசலில் நின்று தேடுவதைவிட, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே ஊர் கார் ஸ்டாண்டுக்குப் போன் செய்து, அன்றைக்கு ஏர்போர்ட் டிராப் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்பதே சுலபம்.

இப்படிப் பிடிக்கும்போது நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்துவிட வேண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வாடகை வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி. அதை பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அந்தத் தண்டனை ஓட்டுபவருக்கு. வழியில் விபத்து ஏதும் நேர்ந்தால், வாடகைக்கு ஓடிய சொந்த வண்டி என்று காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கலாம். அந்த வழக்கில் வருடக்கணக்கில் அலைய நேர்வது பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவரின் குடும்பமாகவும் இருக்கலாம். வெள்ளை போர்டுக்காரர் 500 ரூபாய் குறைத்துச் சொல்வதற்குக் காரணமும் இதுவே: பெர்மிட்டுக்கும் வாடகை வண்டி இன்சூரன்சுக்கும் அவர் பணம் கட்டவில்லை.